அஸ்டெக்காரனின் வலது கை

ஜூன் 2, ஞாயிறு

ஜனவரியில் கப்பல் ஏஜென்சிக்காரர்கள் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் பீரோவில் சும்மா கிடந்தது. இன்று இதை எடுக்க வைத்தவன் கஸ்பார் மச்சாது. அவனிடம் தொடர்ந்து நான்காவது ஞாயிறாகத் தோற்றிருக்கிறேன். ஏன் தோற்கிறேன் என்று ஒழுங்காக எழுதி வைத்தால் எங்கே ஓட்டை என்று பிடிபட்டுவிடும்.

நாங்கள் ஆடுவது கம்ப்யூட்டரில் ஒரு சரித்திரப் போர் ஆட்டம். ஆளுக்கு ஒரு ஊரும் நாலைந்து குடியானவர்களும் கிடைப்பார்கள். மரம் வெட்டி, பயிர் வைத்து, தங்கம் தோண்டி, படை திரட்டி எதிராளியின் ஊரை அழிக்க வேண்டும். சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவதில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், நிற்காமல் ஆட வேண்டும். யார் கை வேகமோ அவன் பிழைத்தான்.

முப்பது நாற்பது இனங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நான் பன்னிரண்டு வருடமாக அஸ்டெக், மெக்சிகோவின் பழைய இனம். அஸ்டெக்குக்குக் குதிரை கிடையாது, துப்பாக்கி கிடையாது. எல்லாம் காலாட்படைதான். ஆனால் குடியானவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுமப்பார்கள். பூசாரிகள் கெட்டிக்காரர்கள். எதிரிப் படைவீரன் ஒருவனைப் பார்த்துப் பூசாரி மந்திரம் சொன்னால், கொஞ்ச நேரத்தில் அவன் நிறம் மாறி நம் பக்கம் வந்துவிடுவான். இத்தனைக்கும் வேண்டியது ஆடுகிறவனின் கை வேகம் ஒன்றுதான்.

கஸ்பார் எப்போதும் ஸ்பெயின். குதிரையும் பீரங்கியுமாக வருவான். "பேரப் பாத்து எடுத்துக்கிட்டியாலே?" என்று பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறேன். பன்னிரண்டு வருடமாகச் சிரிக்கிறான். இன்று பதினெட்டே நிமிடத்தில் என் ஊரை எரித்துவிட்டு அவனே கேட்டான்: "என்னலே நயினாரு, தூங்கிட்டியா? ஒங்கை ரயிலு மாதிரில்லா போவும்."

மவுஸ் சரியில்லை என்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

புது மவுஸ் வாங்கியாயிற்று.

வேலையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட ஒரு கூண்டு. அதில் உட்கார்ந்து குனிந்து பார்த்தபடி கப்பலிலிருந்து கன்டெய்னர்களை எடுத்துக் கரையில் நிற்கும் டிரெய்லரில் வைக்க வேண்டும். இடது கைப்பிடி முன்னே பின்னே போக. வலது கைப்பிடி தூக்க, இறக்க.

கஸ்பார் கீழே. அவனையும் சேர்த்து நாலு பேர் கொண்ட ஒரு செட்டுக்கு மேஸ்திரி. கப்பலில் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டி வைக்கும் இரும்புப் பூட்டுகள் பெட்டியின் அடியில் நான்கு மூலையிலும் தொங்கும். கோன் என்போம். பெட்டியை டிரெய்லருக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் நான் அந்தரத்தில் நிறுத்துவேன். அவர்கள் அந்த இடைவெளியில் கையை விட்டுக் கோனைத் திருகி எடுப்பார்கள். எடுத்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினால் பெட்டியை இறக்குவேன். பெட்டி இருபத்தைந்து டன்.

பதினாலு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு கீறல் இல்லை.

ஜூன் 5, புதன்

எழுபத்தெட்டுப் பெட்டி. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

எண்பத்தொன்று. ஒன்றும் நடக்கவில்லை. நேற்றும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை என்பதை எதற்கு மெனக்கெட்டு எழுதுகிறேனோ.

ஜூன் 9, ஞாயிறு

இந்த ஆட்டத்தில் ஓர் ஆள்மீது ஒரு முறை கிளிக் செய்தால் அவன் மட்டும் நம் கட்டளைக்குக் காத்திருப்பான். சட்டென்று இரண்டு முறை செய்தால் அவன் சாதி சனம் அத்தனையும் சேர்ந்து காத்திருக்கும். முதல் நாளே படிக்கிற பாடம் இது.

இன்று மதியம் ஒரே ஒரு பூசாரியை ஆற்றைத் தாண்டி அனுப்ப நினைத்தேன். பதினோரு பூசாரிகளும் கிளம்பிவிட்டார்கள். கஸ்பாரின் குதிரைப்படைக்கு நடுவே வரிசையாகப் போய் நின்றார்கள். நான் பார்த்துத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"என்ன மக்கா, கோயில் கொடைத் திருவிழாவா? மொத்தமா வாரானுவ!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

நான் ஒரு தடவைதான் கிளிக் செய்தேன். இதைச் சத்தியமாகச் சொல்வேன். இரண்டாவது கிளிக்கை விரலே செய்துகொண்டது. புது மவுஸும் பழுது.

ஜூன் 11, செவ்வாய்

என் மனைவி இசக்கியோடு சண்டை. சாயங்காலம் கடைத்தெருவுக்கு நடந்து போனோம். பின்னாலேயே வந்தவள் திடீரென்று, "ஏங்க, வலது கைய இடுப்போட தச்சு வச்சிருக்கா? அது ஏன் வீசவே மாட்டேங்கு?" என்றாள். கையை வீசி நடப்பதற்கு நான் என்ன பட்டாளமா என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இந்த டைரியை எடுத்துப் புரட்டினாள். அவளுக்குத் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. அவள் வாசித்தது நான் எழுதியதை அல்ல, எழுத்தை.

"ஒரு நாளைக்கு எத்தன பேரு கையெழுத்து பாக்கேன் தெரியுமா? ரெண்டாந்தேதி எழுத்து எப்படி இருக்கு, இது எப்படி இருக்குன்னு பாருங்க. எறும்பு ஊருத மாதிரி குறுகிக்கிட்டே போவுது. வரி ஆரம்பிக்கையில பெருசு, முடிக்கையில பொடிசு."

பக்கத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்றேன். பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறாராம், சனிக்கிழமை போகலாம் என்றாள். சனிக்கிழமை கப்பல் இருக்கிறது என்றேன். கப்பல் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

பத்தரை மணி. நாற்பதாவது பெட்டியோ என்னவோ. டிரெய்லருக்கு மேலே வந்தாயிற்று. இறக்கும் பிடியை விட்டால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். விடு என்று நினைத்தேன். கை விடவில்லை. நினைத்ததற்கும் விட்டதற்கும் நடுவே ஒரு நொடி, ஒன்றரை நொடி. அதற்குள் பெட்டி ஓர் அடி கூடுதலாக இறங்கிவிட்டது.

பெட்டி நின்றுவிடும் என்று நம்பிக் கஸ்பார் கையை உள்ளே விட்டிருந்தான். எப்படி இழுத்தானோ தெரியவில்லை. கண்ணாடித் தரை வழியாக அவன் பின்னால் சாய்ந்து விழுந்ததைப் பார்த்தேன். வாக்கி டாக்கியில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "கஸ்பாரு? கஸ்பாரு?"

"ஒண்ணுமில்ல. என்னலே, காத்தா?"

"ஆமா. காத்து."

கப்பலின் கொடி அசையவில்லை. அவன் கொடியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பிறகு எண்பது பெட்டி வரை ஓட்டினேன். ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை வேர்த்துப் பிடி வழுக்கியது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்: ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஜூன் 15, சனி

போனில் தேடிப் பார்த்தேன். விரல் தானாக ஆடுவது, கை வீசாமல் நடப்பது, எழுத்து சின்னதாகிக்கொண்டே போவது. மூன்றையும் சேர்த்துப் போட்டதும் ஒரு நரம்பு நோயின் பெயர் வந்தது. போனை அணைத்துவிட்டேன்.

அதெல்லாம் கிழவர்களுக்கு வருவது. எனக்கு முப்பத்தொன்பது.

ஜூன் 19, புதன்

வருடாந்திர உடல் தகுதிச் சோதனை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கையில் ஒரு ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். எதையாவது பிடித்திருந்தால் விரல் ஆடுவதில்லை. சும்மா மடியில் கிடந்தால்தான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுகிற மாதிரி உருட்டுகின்றன.

டாக்டர் கண்ணைப் பார்த்தார். காதைப் பார்த்தார். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்றார். "உப்பைக் குறைங்க. வேற ஏதும் தொந்தரவு உண்டா?"

"இல்லை சார்."

தகுதி உண்டு என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். துள்ளிக் குதிக்க வேண்டியவன் நான். அந்த முத்திரையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது கண்டுபிடித்துத் தடுத்துவிடுவார்கள் என்று இத்தனை நாளும் பயந்தேன். இப்போது யாருமே தடுக்க மாட்டார்கள் என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

அடுத்த ஞாயிறு பாளையங்கோட்டையில் போட்டி. ஜோடி ஜோடியாக ஆடுவது. நானும் கஸ்பாரும் ஒரே அணி. அஸ்டெக்கும் ஸ்பெயினும் தோளோடு தோள். அஸ்டெக்கை அழித்ததே ஸ்பெயின்தான் என்ற சரித்திரம் தெரிந்தவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பயிற்சியில் மவுஸைக் கூடியவரை தொடாமல் இடது கையால் விசைப்பலகையிலேயே சமாளித்தேன். ஓடிப்போய் அடிப்பதை விட்டுவிட்டு ஊரைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

"அஸ்டெக்காரன் என்னைக்குலே வேலி கட்டுனான்?" என்றான் கஸ்பார். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. ஆட்டத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

எழுபத்தாறு. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

எழுபது. மெதுவாக ஓட்டுகிறாயே என்று மேற்பார்வையாளர் கேட்டார். பாதுகாப்பு சார் என்றேன். பாராட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, நல்லவேளை அவர் கீழேயும் நான் மேலேயும் இருந்தோம்.

ஜூன் 30, ஞாயிறு

முதல் சுற்றிலேயே வெளியே.

தோற்றது எனக்குப் பெரிதில்லை. தோற்ற விதத்தைத்தான் எழுத வேண்டும். முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. கஸ்பாரின் கோட்டையை எதிரணியின் யானைப்படை சுற்றி வளைத்துக்கொண்டது. "நயினாரு, ஒரே ஒரு ஆள அனுப்பு, மதிலை ஒட்டுப்போடணும், ஒரே ஒருத்தன்" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கத்தினான்.

வயலில் நின்ற ஒரு குடியானவன்மேல் கிளிக் செய்தேன். விரல் இரண்டாவது முறையும் தட்டியது. நாற்பத்திரண்டு பேரும் வயலைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மரம் வெட்டியவன் கோடரியோடு, விளைச்சல் எடுத்தவன் கூடையோடு. பதறிப்போய் நிறுத்தப் பார்த்தேன், பதறியதும் கை முழுக்க ஆட ஆரம்பித்தது. மவுஸ் மேஜையில் படபடவென்று தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. மவுஸின் அம்புக்குறி திரையின் மூலைக்குப் போய்விட்டது. யானைகளின் காலடிக்கு அந்த நாற்பத்திரண்டு பேரும் நேராக ஓடினார்கள். அஸ்டெக்காரர்கள் நன்றாக ஓடுவார்கள்.

சுற்றி நின்று பார்த்த கூட்டம் கைதட்டிச் சிரித்தது. விளையாட்டுப் பொம்மைகள்தான், தெரியும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது பொம்மைகளை அல்ல. நான் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்ய, கீழே ஆட்கள் சாகிறார்கள்.

கஸ்பார் சத்தம் போடவில்லை. எழுந்து போய், ஆட்டத்தின் பதிவு வேண்டும் என்று கேட்டு பென் டிரைவில் வாங்கிக்கொண்டான். பேருந்தில் தூத்துக்குடி வரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தான்.

ஜூலை 2, செவ்வாய்

இன்று ஒரு விசித்திரம். வழக்கமாகப் பெட்டி இறங்கினால் பக்கத்துக்கு இரண்டு பேராக நாலு பேரும் வருவார்கள். இன்று மூன்று பேர் தரையில் போட்ட மஞ்சள் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். கஸ்பார் மட்டும் வந்தான். ஒரு மூலை, சுற்றிப்போய் அடுத்த மூலை, அதற்கடுத்தது. நாலு கோனையும் அவனே எடுத்தான். அதுவரை நான் பெட்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

புது விதியாக இருக்கும்.

ஜூலை 3, புதன்

இன்றும் அவன் மட்டுமே. பக்கத்துக் கிரேனில் நாலு பேரும்தான் எடுக்கிறார்கள். எனவே விதி இல்லை.

ஜூலை 4, வியாழன்

மதியம் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அந்தப் பதிவ மூணு தடவ பாத்தேன்லே. அதுல நீ செஞ்ச ஒவ்வொரு கிளிக்கும் கெடக்கு. ஒரு தடவ அமுக்க வேண்டிய எடத்துல ரெண்டு, மூணு. எத்தன எடத்துல தெரியுமா? எண்ணி முடியல."

"மவுஸு..."

"அப்ப பதினாலாந்தேதி பெட்டி எறங்குச்சே, அதுவும் மவுஸா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இடது கையால் பிசைகிறேன் என்பதை அவன் பார்த்த பிறகுதான் நானும் பார்த்தேன்.

அதன் பிறகு நான் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது. கெஞ்சினேன். டிசம்பர் வந்தால் எனக்குப் பதினைந்து வருடம் முடிகிறது, கட்டுப்பாட்டு அறை வேலைக்கு மனுப் போட முடியும். அதற்கு முன்னால் தெரிந்தால் கையெழுத்து வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிரேன் ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. "ஆறே மாசம்லே. மெதுவா ஓட்டுதேன். ஆறே மாசம்."

அவன் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"சரி" என்றான். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா ஒம் பெட்டிக்கு நான் மட்டுந்தான் கைய விடுவேன்."

"ஏன், நீ ஏன்?"

"வேற எவன் கைய விடச் சொல்லுவேன்? எல்லாவனுக்கும் பிள்ள குட்டி இருக்கு."

அவனுக்கும் இரண்டு இருக்கின்றன. மூத்தது இந்த வருடம் பத்தாவது. எனக்கு அது அப்போது ஞாபகம் வரவில்லை. எனக்கு நிம்மதிதான் வந்தது. முழுத் தட்டுச் சோறும் சாப்பிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

அறுபத்தாறு பெட்டி, ஒரு பெட்டிக்கு நான்கு மூலை. அதை எல்லாம் பெருக்கினால் இன்று மட்டும் இருநூற்று அறுபத்து நான்கு முறை அவன் அந்த ஒன்றரை அடிக்குள் கையை விட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் விடுவதற்கு முன்னால் நிமிர்ந்து மேலே பார்க்கிறான். முன்பெல்லாம் பார்க்க மாட்டான். நாற்பது மீட்டரில் முகம் தெரியாது, மஞ்சள் தொப்பி சாய்வது மட்டும் தெரியும். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

 இசக்கி நரம்பு டாக்டரின் போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

ஜூலை 6, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருக்கிறது, ஆனால் எழுத்து பெரிதாக இருக்கிறது.

காலை ஒன்பதே கால். பெட்டி டிரெய்லருக்கு மேலே வந்துகொண்டிருந்தது. கஸ்பார் கீழே காத்திருந்தான். ஒன்றரை அடியில் நிறுத்த வேண்டும். மூன்று ஆள் உயரத்திலேயே நிறுத்திவிட்டேன். கை ஆட ஆரம்பித்திருந்தது. பிடியைப் பற்றியிருக்கும்போதே ஆடியது இதுதான் முதல் தடவை.

வாக்கி டாக்கியில் அவன் குரல். "என்னலே, ஏன் நின்னுட்ட? எறக்கு."

"கஸ்பாரு, தள்ளிப் போ."

"நான் நிக்கேன்லா, எறக்குலே. ஒண்ணும் ஆவாது."

"நீ தள்ளிப் போனாத்தான் எறக்குவேன்."

"டேய், எல்லாரும் கேக்கானுவ. பேசாம எறக்கு." குரலைத் தாழ்த்திச் சொன்னான். அந்த அலைவரிசையில் எல்லாக் கிரேன்காரர்களும், மேற்பார்வையாளரும், கட்டுப்பாட்டு அறையும் இருக்கிறார்கள். என்னைக் காப்பாற்றத்தான் தாழ்த்தினான்.

அவன் பெட்டிக்குக் கீழே இன்னும் ஒரு எட்டு வைத்தான்.  இடது கையால் வாக்கி டாக்கியை எடுத்து அமுக்கிப் பிடித்தேன்.

"நான் மூணாம் நம்பர் கிரேன் ஆறுமுகநயினார் பேசுதேன். எனக்கு வலது கை சொன்னபடி கேக்கல. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பதினாலாந்தேதி பெட்டி எறங்குனது காத்துல இல்ல. எல்லாரும் தள்ளிப் போங்க. வேற ஆள மேல அனுப்புங்க."

 சிவப்புப் பொத்தானை அடித்தேன். கிரேன் முழுவதும் ஓய்ந்தது. பெட்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. கீழே மூன்று பேரும் ஓடினார்கள். கஸ்பார் மட்டும் மெதுவாகப் பின்வாங்கி மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மாற்று ஆள் வர இருபது நிமிடம் ஆனது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருக்கையில் உட்கார்ந்தார். நான் லிஃப்டில் இறங்கினேன். மேற்பார்வையாளர் ஏதோ ஒரு தாளோடு நின்றுகொண்டிருந்தார், அவரைத் தாண்டிப் போனேன்.

கஸ்பார் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். டிசம்பர் போயிற்று, வேலையும் போயிற்று, இவனாவது திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கையுறைகளைக் கழற்றிக் கீழே போட்டான். இரண்டு கையையும் நீட்டி எனக்குக் காட்டினான். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன, என் கையைவிட மோசமாக.

"ஒம் பெட்டிக்குத் தனியா கைய விட்ட இந்த அஞ்சு நாளும் இப்படித்தாம்லே" என்றான். "வீட்ல போய் ஒரு டம்ளர் தண்ணி பிடிக்க முடியல."